ஒரு நாள் விழாவா, வாராவாரம் ஒரே மரமா? தொடக்கப் பள்ளிக்குப் போகும் தன்னார்வலர்கள் எதைத் தேர்ந்தெடுக்கலாம்

ஆறேழு பேர் சேர்ந்து, பக்கத்து ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் சுற்றுச்சூழல் பற்றி ஏதாவது சொல்லிக்கொடுக்கலாம் என்று முடிவெடுக்கிறீர்கள். பள்ளியில் ஐம்பது அறுபது பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள். ஒன்று முதல் மூன்று வரை ஓர் அறை, நான்கும் ஐந்தும் இன்னோர் அறை. தமிழ்நாட்டின் சிற்றூர்ப் பள்ளிகள் பலவற்றின் அமைப்பு இதுதான், அதனால் இதையே அளவாக வைத்துக்கொள்வோம். என்ன செய்யலாம் என்று கூடிப் பேசினால் ஐந்து யோசனைகள் வரும்: ஒரு நாள் விழா நடத்தி மரம் நடுவது, வாரம் ஒரு வகுப்பு எடுப்பது, பள்ளி வளாகத்து மரத்தையும் அதற்கு வருகிற உயிர்களையும் வாராவாரம் பார்த்துக் குறிப்பது, உரத்தொட்டியும் கீரைப்பாத்தியும் போடுவது, பிள்ளைகளை வெளியே கூட்டிப்போவது.

ஐந்துமே நல்லவைதான். ஆனால் ஐந்துக்கும் ஒரே மாதிரி ஆள்பலம் போதாது. எதைத் தேர்வது என்று பேசுவதற்கு முன்னால் ஒரு தாளை எடுத்து, ஆறாவது வாரமும் கட்டாயம் வரக்கூடியவர்கள் யார் யார் என்று பெயர் எழுதிப் பாருங்கள். முதல் வாரம் எல்லோரும் வருவார்கள். ஆறாவது வாரப் பட்டியலில் இருப்பவர்களைக் கொண்டுதான் திட்டம் போட வேண்டும்.

ஒரு நாள் விழா

பெரும்பாலான குழுக்கள் இதைத்தான் முதலில் எடுக்கின்றன. ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் நாள். பள்ளியும் பெரும்பாலும் அந்தச் சமயத்தில்தான் திறக்கும். பேச்சு, ஓவியப் போட்டி, இருபது மரக்கன்று, பரிசு, சிற்றுண்டி. எட்டுப் பேர் ஐந்து மணி நேரம் நின்றால் முடிந்துவிடும்.

சிக்கல் மழையில் இருக்கிறது. கன்னியாகுமரி, தென்காசி, நீலகிரி, கோவையின் மேற்குப் பகுதி ஆகிய இடங்களில் ஜூன், ஜூலையில் தென்மேற்குப் பருவமழை கிடைக்கும், அங்கே நடலாம். கடலோர மாவட்டங்களும் உள்மாவட்டங்கள் பலவும் நம்பியிருப்பது அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழையை. அங்கே ஜூன் 5 அன்று நடும் கன்று, வேர் பிடிப்பதற்கு முன்பே மூன்று நான்கு மாத வெயிலைத் தாங்கியாக வேண்டும். ஒரு கன்றுக்கு வாரம் இருமுறை பத்து லிட்டர் என்று வைத்தாலும் இருபது கன்றுக்கு வாரம் 400 லிட்டர். அதை யார் சுமப்பது? ஆறு வயதுப் பிள்ளையின் தண்ணீர் பாட்டில் ஒரு லிட்டர் கொள்ளும். சனி, ஞாயிறு, காலாண்டு விடுமுறை வேறு. கன்று காய்ந்துபோவதைப் பிள்ளைகள் தினமும் பார்ப்பார்கள். நட்டால் செத்துப்போகும் என்பதுதான் அவர்கள் மனத்தில் தங்கும். விழாவே நடத்தாமல் இருப்பதைவிட இது மோசம்.

நடுவதாக இருந்தால் இரண்டே கன்று போதும். ஐப்பசியில் முதல் நல்ல மழை பெய்து மண் ஓர் அடி ஆழம் நனைந்தபின் நடுங்கள். குழி இரண்டடிக்கு இரண்டடி, ஆழமும் இரண்டடி. மேல்மண்ணைத் தனியாக எடுத்துவைத்து, அதோடு மக்கிய தொழுவுரம் இரண்டு சட்டி கலந்து நிரப்புங்கள். கறுப்புப் பையைப் பக்கவாட்டில் கிழித்து முழுக்க எடுத்துவிட வேண்டும். அவசரத்தில் அடியை மட்டும் கிழித்து அப்படியே வைத்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். பைக்குள் சுருண்ட வேர் சுருண்டபடியே வளர்ந்து, பிற்காலத்தில் காற்றுக்கு மரம் சாயும். ஆடு எட்டாத உயரத்துக்கு முள்வேலியோ கூண்டோ கட்டியபிறகுதான் அன்றைய வேலை முடிந்தது என்று அர்த்தம்.

ஒரு நாள் மட்டும்தான் முடியும் என்றால், மரக்கன்றை விட்டுவிட்டுப் பனைவிதையை எடுங்கள். ஆவணி, புரட்டாசியில் பனம்பழம் விழும். சதையை நீக்கிய விதைகளை மழைக்கு முன்னால் கண்மாய்க் கரையிலோ பள்ளி வேலியோரமோ பத்தடிக்கு ஒன்றாக, முக்கால் அடி ஆழத்தில் ஊன்றலாம். தண்ணீர் ஊற்ற வேண்டிய தேவை அநேகமாக இருக்காது. பனை நம் மாநில மரம் என்று சொல்வதோடு நிறுத்தாமல், பத்து விதைகளை மட்டும் ஓரிடத்தில் மண்மேட்டில் நெருக்கமாகப் புதைத்து வையுங்கள். பொங்கல் சமயத்தில் தோண்டினால் பனங்கிழங்கு. சந்தையில் கட்டுக்கட்டாக வாங்கித் தின்ற கிழங்கு, முளைத்துவரும் பனையின் இளஞ்செடிதான் என்பது அந்த நிமிடம் பிள்ளைக்குப் புரியும். விதையிலிருந்து முளை முதலில் கீழ்நோக்கித்தான் போகும், இலை பிறகுதான் மேலே வரும் என்பதையும் கையில் வைத்துக் காட்டிவிடலாம்.

பேச்சைப் பற்றி ஒரு வார்த்தை. ஓசோன் படலம், உருகும் பனிமலை, அழியும் பூமி என்று ஒலிபெருக்கியில் அரைமணி நேரம் பேசுவதை இந்த வயதுக்குத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். இரண்டாம் வகுப்புப் பிள்ளை பனிமலையைப் பார்த்ததில்லை, அதைக் காப்பாற்ற அவளால் ஆகக்கூடியதும் எதுவுமில்லை. பயம் மட்டும் மிஞ்சும். இன்னொன்று, 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகை பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை இருக்கிறது. விழாவில் பிளாஸ்டிக் கப்பில் ஜூஸ் கொடுத்தால், மேடையில் பேசியது அத்தனையும் அந்தக் கப்போடு குப்பைக்குப் போய்விடும்.

வகுப்பறைக்குள் வாராவாரம்

மழை, வெயில் எதுவும் தடுக்காது. பாடத்தோடு நேராக இணைக்கலாம். ஒன்று, இரண்டாம் வகுப்புகளில் சூழ்நிலையியல், மூன்றாம் வகுப்பிலிருந்து அறிவியல், சமூக அறிவியல் என்று பாடநூலிலேயே செடி, விலங்கு, நீர், காற்று எல்லாம் வந்துவிடுகின்றன. இதன் பலமும் பலவீனமும் அதுவே. ஆசிரியர் ஏற்கெனவே நடத்துகிற பாடத்தை, அவர் அளவுக்குப் பயிற்சி இல்லாத நீங்கள் இன்னொரு முறை நடத்துவதாக ஆகிவிடக்கூடாது.

பல வகுப்புகள் ஒரே அறையில் இருப்பதுதான் பெரிய தடை. மூன்றாம் வகுப்புக்கு ஏற்ற பயிற்சித்தாளை ஒன்றாம் வகுப்புப் பிள்ளையால் வாசிக்க முடியாது. வண்ணம் தீட்டி முடித்துவிட்டு ஐந்து நிமிடத்தில் எழுந்து ஓடுவாள். இரண்டு தரத்தில் தாள் தயாரிக்க வேண்டும், அறைக்கு இரண்டு பேர் நிற்க வேண்டும். வீடியோ காட்டும் திட்டம் இருந்தால் ஜன்னலை மறைக்கத் துணி, தனி ஸ்பீக்கர், நீளமான வயர் எல்லாம் வேண்டும். நாற்பது நிமிடப் பாடவேளையில் பத்து நிமிடம் அதை இணைப்பதிலேயே போய்விடும்.

வளாகம் முழுக்கச் சிமென்ட் போட்ட, மரமே இல்லாத நகரப் பள்ளிகளுக்கு இது சரியான தேர்வு. அங்கேயும் பேச்சை ஐந்து நிமிடத்தில் நிறுத்திக்கொண்டு, கையால் செய்கிற வேலைக்கு இருபது நிமிடம் ஒதுக்குங்கள். விதைகளைத் தரம்பிரிப்பது, ஈரத்துணியில் பச்சைப்பயறு முளைக்கவைப்பது, ஒரு நாள் வகுப்பில் சேர்ந்த மிட்டாய்த்தாளை எண்ணிச் சுவரில் கோடு போடுவது போன்றவை போதும். செப்டம்பர், டிசம்பர் மாதங்களின் பிற்பாதியையும் ஏப்ரலையும் தொடாதீர்கள். தேர்வு நேரம், பள்ளியும் மறுக்கும்.

ஒரே மரத்தைப் பன்னிரண்டு வாரம்

மூன்று பேர் மட்டுமே தவறாமல் வரமுடியும் என்றால் நாங்கள் பரிந்துரைப்பது இதைத்தான்.

முதலில் கணக்கு. எட்டுப் பேர் ஐந்து மணி நேரம் நடத்தும் விழாவுக்கு 40 மணி நேர உழைப்பு. மூன்று பேர் வாரம் ஒரு மணி நேரம் என்று பன்னிரண்டு வாரம் வந்தால் 36 மணி நேரம். ஏறக்குறைய ஒரே உழைப்பு. போகவர அரைமணி அரைமணி ஆகும் தூரத்தில் இருந்தால் மட்டும் இது இரட்டிப்பாகும். அதனால் இந்தத் திட்டத்துக்குப் பக்கத்துத் தெருக்காரர்களைத் தேடுங்கள். வெளியூரிலிருந்து வரும் கெட்டிக்காரரைவிட, சைக்கிளில் வந்துவிடக்கூடிய சுமாரான ஆள் இங்கே அதிகம் பயன்படுவார்.

வளாகத்திலோ வாசலுக்கு எதிரிலோ நிற்கும் வேம்பு, புங்கம், புளி, பூவரசு என்று ஏதாவது ஒரு மரத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். முன்கூட்டியே ஒருவர் போய்க் குளவிக்கூடு, தேன்கூடு, முசுறு எறும்புக் கூடு, கம்பளிப்பூச்சி இருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்துவிட வேண்டும். ஒவ்வொரு வாரமும் பார்க்க வேண்டும், முதல் வாரம் மட்டும் பார்த்தால் போதாது. பத்துப் பிள்ளைக்கு ஒரு பெரியவர். மூன்று பேர் என்றால் ஒரு நேரத்தில் முப்பது பிள்ளைகள், அதாவது ஓர் அறை. இந்த வாரம் பெரியவர்கள், அடுத்த வாரம் சின்னவர்கள் என்று மாற்றிக் கூட்டிவராதீர்கள், தொடர்ச்சி அறுந்துவிடும். ஒரே அறையை எடுத்துக்கொண்டு பன்னிரண்டு வாரமும் அவர்களோடே இருங்கள். அகலக்கால் வைத்தால் நடுவில் நின்றுபோகும்.

ஐந்தாறு பேருக்கு ஒரு நோட்டு. அதில் இலை, பூ, காய் என்று மூன்று தலைப்பு. இலையில் தளிர், முற்றியது, பழுத்தது. பூவில் மொட்டு, மலர்ந்தது. காயில் பிஞ்சு, பழம். ஒவ்வொன்றுக்கும் நேரே இல்லை, கொஞ்சம், நிறைய என்பதில் ஒன்றைக் குறித்தால் போதும். இந்தியா முழுவதும் பொதுமக்களையும் பள்ளிகளையும் கொண்டு மரங்களின் பருவமாற்றத்தைப் பதிவுசெய்யும் சீசன்வாட்ச் திட்டமும் இந்த முறையைத்தான் பின்பற்றுகிறது, விருப்பமிருந்தால் உங்கள் பள்ளியின் பதிவையும் அங்கே சேர்க்கலாம். கடைசியில் நான்காவதாக ஒரு தலைப்பு: இன்று மரத்துக்கு யார் வந்தார்கள்?

பிள்ளைகளுக்குத் துள்ளல் வருவது இந்த நான்காவது தலைப்பில்தான். ஜூனில் பள்ளி திறக்கும்போது வேப்பம்பழம் மஞ்சளாகப் பழுத்துக் கிடக்கும். காகம், மைனா, குயில், அணில் எல்லாம் வரும். பழத்தைத் தின்றுவிட்டுக் கொட்டையை எங்கே போடுகின்றன என்று கேளுங்கள். மதிற்சுவருக்கு அடியிலும் மின்கம்பியின் கீழேயும் முளைத்திருக்கும் குட்டி வேம்புகளைப் பிள்ளைகளே தேடிப்பிடிப்பார்கள். யாரும் நடாமல் மரம் எப்படி வந்தது என்ற கேள்வியும் அவர்களிடமிருந்தே வரும். அப்போது அவசரப்பட்டு விடையைச் சொல்லிவிடாமல் அடுத்த வாரம் வரை காத்திருக்கச் சொல்லிக்கொடுப்பதுதான் புதுத் தன்னார்வலர்களுக்குத் தரவேண்டிய முக்கியப் பயிற்சி.

வேப்பிலையைக் கையில் கொடுத்து "இதில் எத்தனை இலை?" என்று கேட்டால் பதினொன்று, பதின்மூன்று என்று எண்ணுவார்கள். உண்மையில் அது ஒரே இலை. அந்தப் பதின்மூன்றும் சிற்றிலைகள். எப்படித் தெரியும்? கிளையோடு இலைக்காம்பு சேரும் இடத்தைக் கிட்டே வைத்துக் காட்டுங்கள், அந்தக் கக்கத்தில் கடுகளவில் ஒரு மொட்டு இருக்கும். சிற்றிலைகளின் அடியில் அது இருக்காது. மொட்டு எங்கே இருக்கிறதோ அங்கிருந்துதான் ஓர் இலை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் இதைக் கேட்டதும் புளி, முருங்கை, வாகை என்று ஒவ்வொரு மரமாகப் போய்ச் சோதிக்க ஆரம்பித்துவிடுவார்கள். ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு இது தேவையில்லை. அவர்களுக்கு மரப்பட்டைமேல் தாளை வைத்துக் கிரேயானால் தேய்ப்பது, நூலால் அடிமரத்தைச் சுற்றி அளப்பது, நிழலின் ஓரத்தில் கல் வைப்பது போன்ற வேலைகள் நன்றாகப் பொருந்தும்.

மூன்றாவது, நான்காவது வாரம் சலிப்பு வரும். மரத்தில் மாற்றமே தெரியாது. இது நடந்தே தீரும் என்று எதிர்பார்த்து, அந்த இரண்டு வாரத்துக்கும் வேறு வேலை வைத்திருங்கள். அதற்கு மிகவும் கைகொடுப்பது கறிவேப்பிலைச் செடி. பள்ளியில் இல்லாவிட்டாலும் பக்கத்து வீட்டில் இருக்கும். இளந்தளிரின் மேல் குண்டூசித் தலை அளவில் வெளிர்மஞ்சளாகப் பட்டாம்பூச்சி முட்டை ஒன்றிரண்டு ஒட்டியிருக்கும். அதிலிருந்து வரும் புழு முதலில் பறவை எச்சம்போல் கறுப்பும் வெள்ளையுமாக இருக்கும், அதனால் பறவைகள் கண்டுகொள்வதில்லை. கடைசித் தோலை உரித்ததும் இலைப்பச்சைக்கு மாறிவிடும். மெதுவாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து இரண்டு சிவந்த கொம்புகளை நீட்டும், ஒரு காரநெடி வரும். கூட்டுப்புழுவாகி, முட்டையிலிருந்து ஒரு மாதத்துக்குள் பட்டாம்பூச்சியாகப் பறந்துவிடும். புழுவைப் பெட்டியில் போட்டு வகுப்பில் வைக்கலாமா என்று கேட்பார்கள். செடியிலேயே வலைத்துணி கட்டிப் பார்ப்பது நல்லது. பெட்டியில் வைத்தால் வெள்ளி மாலை போட்ட தழை திங்களுக்குள் வாடி, புழு பட்டினி கிடக்கும். எருக்கஞ்செடியிலும் வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் புழு கிடைக்கும், ஆனால் எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து. சின்னப் பிள்ளைகளை அதன் பக்கம் விடவேண்டாம்.

தன்னார்வலருக்கு எல்லாப் பறவையும் தெரிந்திருக்க வேண்டுமா? காகம், அண்டங்காக்கை, மைனா, கரிச்சான், தவிட்டுக்குருவி, செண்பகம், குயில், வெண்மார்பு மீன்கொத்தி, தேன்சிட்டு, உண்ணிக்கொக்கு ஆகிய பத்தும் நிச்சயமாகத் தெரிந்தால் பன்னிரண்டு வாரத்தை ஓட்டிவிடலாம். உங்கள் ஊரில் வேறு பெயர் வழங்கினால் அந்தப் பெயரையே முதலில் எழுதுங்கள். தெரியாத பறவை வந்தால் அலகு, வால், நிறம் மூன்றையும் வரையச் சொல்லிவிட்டு, அடுத்த வாரம் கட்டாயம் பெயரோடு வாருங்கள். அந்த வாக்கைத் தவறவிட்டால் பிள்ளைகள் கேட்பதை நிறுத்திவிடுவார்கள்.

நடுவில் மின்கம்பிக்காகவோ ஆட்டுத் தழைக்காகவோ மரத்தை வெட்டிவிடுவதும் உண்டு. திட்டம் கெட்டுவிட்டது என்று மரத்தை மாற்ற வேண்டாம். வெட்டிய இடத்தில் எத்தனை நாளில் தளிர் வருகிறது என்று குறிக்கச் சொல்லுங்கள்.

உரத்தொட்டியும் கீரைப்பாத்தியும்

சத்துணவுக் கூடத்தில் காய்கறித் தோலும் முட்டை ஓடும் சேர்வதால் இது இயல்பாகவே தோன்றும் யோசனை. ஆனால் முதல் சந்திப்பைச் சத்துணவு அமைப்பாளரோடும் சமையல் செய்கிற அக்காவோடும் வைத்துக்கொள்ளுங்கள். தோலைத் தனியாகப் போடுவது அவர்கள் தலையில் விழும் கூடுதல் வேலை. அவர்கள் மனமுவந்து சம்மதிக்காவிட்டால் இரண்டாவது வாரமே எல்லாம் ஒரே வாளியில் கலந்து வரும்.

20 லிட்டர் பெயின்ட் வாளி இரண்டு. அடியிலும் பக்கத்திலும் விரல்கனத்தில் துளைகள் போட்டு, செங்கல்மேல் நிறுத்துங்கள். அடியில் நான்கு விரற்கடை சருகு. அதன்மேல் ஒரு பங்கு தோலுக்கு இரண்டு பங்கு சருகு, ஒரு கைப்பிடி தோட்டத்து மண். வாரம் இருமுறை குச்சியால் கிளறவும். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் உருண்டையாக நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக்கூடாது. நாறினால் ஈரம் அதிகம், சருகு போதவில்லை. எறும்பு ஏறினால் காய்ந்திருக்கிறது, தண்ணீர் தெளிக்கவும். சோறும் சாம்பாரும் போடவே கூடாது, எலி வரும். முட்டை ஓட்டை நொறுக்கிப் போட்டாலும் மக்க நாளாகும், அதைப் பார்த்து உரம் ஆகவில்லை என்று நினைக்க வேண்டாம். வாளி நிரம்பியபின் இரண்டு மாதம் பொறுக்க வேண்டும்.

அந்த இரண்டு மாதக் காத்திருப்பில் ஆர்வம் வடிந்துவிடாமல் இருக்க, கடையில் வாங்கிய உரத்தை வைத்தே நான்கடிக்கு மூன்றடிப் பாத்தியில் சிறுகீரை விதையுங்கள். நான்கு வாரத்தில் பறிக்கலாம். விதை பொடியானது என்பதால் மணலோடு கலந்து தூவாவிட்டால் ஒரே இடத்தில் கொத்தாக முளைக்கும். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கைகழுவ குழாயில் தண்ணீர் வருமா என்பதையும் முன்பே பாருங்கள். வராத பள்ளியில் இந்தத் திட்டமே வேண்டாம். கோடை விடுமுறையில் பார்க்க ஆளில்லை, எனவே மார்ச்சுக்குள் வாளியைக் காலிசெய்துவிட வேண்டும்.

வெளியே கூட்டிப்போவது

வேடந்தாங்கலுக்குப் பேருந்து பிடிப்பதைவிட ஊர் ஏரிக்கு நடந்துபோவது மேல். அறுபது பிள்ளைகளுக்கு நான்கு பைனாகுலர் இருந்தால் ஒன்றுக்குப் பதினைந்து பேர் காத்து நிற்க வேண்டும், ஆறு வயதுக் கையால் அதைச் சரிப்படுத்தவும் முடியாது. ஏரிக்கரையில் வெறுங்கண்ணுக்கே கொக்கும் மீன்கொத்தியும் தெரியும். நீர்நிலை என்பதால் ஐந்து பிள்ளைக்கு ஒரு பெரியவர் வேண்டும். பெற்றோர் கையெழுத்தில்லாமல் ஒரு பிள்ளையையும் வாசல் தாண்ட விடாதீர்கள். மரத்தைப் பார்த்துப் பழகிய பிள்ளைகளுக்குப் பத்தாவது வாரத்துக்குமேல் இது நன்றாக அமையும். அதற்கு முன்னால் கூட்டிப்போனால் சுற்றுலாவாகவே முடியும்.

அனுமதியும் பாதுகாப்பும்

எதைத் தேர்ந்தாலும் தலைமையாசிரியரிடம் வாய்மொழியாகக் கேட்டதோடு நின்றுவிடாமல், வட்டாரக் கல்வி அலுவலருக்கும் எழுத்தில் விண்ணப்பியுங்கள். யார் வருகிறார்கள், என்ன நாள், என்ன நேரம், வாரவாரியாக என்ன செய்யப்போகிறீர்கள் என்பதை ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பத்து நிமிடம் கேட்டு வாங்கிப் பெற்றோரிடம் சொல்லுங்கள். மரத்துக்கு வேலி கட்ட ஆள் கிடைப்பது பெரும்பாலும் அங்கேதான். வகுப்பாசிரியர் உடனிருக்க வேண்டும், தன்னார்வலர் யாரும் பிள்ளைகளோடு தனியாக இருக்கக்கூடாது. பிள்ளைகளின் முகம் தெரியும் படத்தைப் பெற்றோர் அனுமதியின்றிச் சமூக ஊடகத்தில் போடாதீர்கள். வேண்டுமானால் கைகளையும் நோட்டையும் படமெடுங்கள்.

எதை எடுப்பது

ஆறாவது வாரப் பட்டியலில் மூன்று பெயர் இருந்தால் மரம். ஐந்து பெயர் இருந்து, சமையலறையும் சம்மதித்து, குழாயில் தண்ணீரும் வந்தால் மரத்தோடு கீரைப்பாத்தி. மரமில்லாத பள்ளி என்றால் வகுப்பறை வேலை. ஒருவர்கூட உறுதியாக இல்லையென்றால் புரட்டாசியில் ஒரு நாள் பனைவிதை, பொங்கலுக்கு முன் ஒரு நாள் கிழங்கு தோண்டல், அவ்வளவோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பலன் கிடைத்ததா என்று பார்க்கத் தேர்வு வைக்க வேண்டாம். முதல் வாரம், எதுவும் சொல்வதற்கு முன்னால், ஒரு மரம் வரையச் சொல்லித் தாள்களை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் இரண்டு நேர்கோடு, மேலே மேகம்போல் ஒரு பச்சை உருண்டை, அதில் சிவப்புச் சிவப்பாக ஆப்பிள் வரும், ஆப்பிள் மரத்தை ஒருவரும் பார்த்திராத ஊரிலும். பன்னிரண்டாவது வாரம் மறுபடி வரையச் சொல்லுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: ஆப்பிள் போய்விட்டதா, இலை விளிம்பில் பல் வந்திருக்கிறதா, கிளையில் எறும்பு ஏறுகிறதா, அடியில் கொட்டை கிடக்கிறதா.

நோட்டுகளை நினைவுக்காக நீங்கள் எடுத்துப்போய்விடாமல் பள்ளி அலமாரியிலேயே விட்டுவிட்டு வாருங்கள். தை, மாசியில் வேம்பு இலை உதிர்த்துச் செம்புநிறத் தளிர் விடும்போது, யாராவது ஒரு பிள்ளை டீச்சரிடம் அந்த நோட்டைக் கேட்பாள்.